ஆறேகால் நயா பைசா

இந்தியாவில் தசம நாணயம் அமலுக்கு வந்த நாள் 1957 ஏப்ரல் 1. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. கணக்குப்படி ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்குக் காசு இல்லாததால் மாற்று அட்டவணை 6 என்றது; நாலணாவுக்கு மட்டும் சரியாக 25. ஆகவே ஓரணா டீயை நான்கு தடவை தனித்தனியாகக் குடித்தால் 24, சேர்த்துக் காசு கொடுத்தால் 25. கல்லாவில் இருப்பவர் எதை விரும்பியிருப்பார் என்பது ஊகத்துக்கு உரியது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து பைசா பழசானது. செத்துப்போன அணா மட்டும் நாலணா, எட்டணாவாகப் பேச்சில் நெடுங்காலம் செல்லுபடியானது.