காத்தாடி ஊர்க்காரர்களின் ஆகாயப் பயம்

இந்த வாரம் ராதாபுரம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விமானப் பயணத்தைப் பற்றியவை. தெருவுக்குத் தெரு வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் உள்ள பகுதி. அதனால் சினிமா, அரசியல் கேள்விகளை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கே: மகன் சார்ஜாவுல இருக்கான். பேத்தி பிறந்து மூணு மாசம் ஆச்சு. அடுத்த மாசம் திருவனந்தபுரத்துலருந்து டிக்கெட் போட்டுட்டான். அன்னையிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. வகுப்பையே ஒரு அதட்டுல உக்கார வச்சவ நான். இப்படிப் பயப்படுறத வெளிய சொல்ல வெக்கமா இருக்கு அண்ணாச்சி.
*(ஓய்வுபெற்ற ஆசிரியை, ராதாபுரம்)*

ப: முதலில் வெட்கத்தை இறக்கி வையுங்கள் டீச்சர். பயத்தைச் சுமப்பதே பெரும்பாடு, அதோடு வெட்கத்தையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்? டென்னிஸ் பெர்க்காம்ப் என்று நெதர்லாந்தின் பெரிய கால்பந்து வீரர். 1990-களின் நடுவில் விமானம் ஏறுவதையே நிறுத்திவிட்டார். ஆர்சனல் அணிக்காக ஐரோப்பாவில் ஆட வேண்டிய ஆட்டங்களுக்குத் தரைவழியாகப் போக முடிந்தால் போவார், முடியாவிட்டால் இல்லை. அவர் ஆட்டத்தைப் பார்த்த எவரும் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குப் போனது சில ஆட்டங்கள்தான். உங்களுக்குப் போவது பேத்தியின் முதல் தவழல்.

பயம் போகட்டும், அப்புறம் ஏறலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே ஏறலாம். நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் வயிறு கலங்குவதும் அட்ரினலின் செய்யும் வேலை. ஓடு, இல்லாவிட்டால் சண்டை போடு என்று உடம்பு தயாராகிறது. பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஓட இடமில்லை, சண்டை போட ஆளுமில்லை. அதனால்தான் அந்தத் தவிப்பு. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கத் தொடங்கும். வரக் கூடாது என்று மல்லுக்கட்டினால்தான் நீளும்.

நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தணியும். இன்று ராத்திரியே தொடங்கிப் பழகுங்கள். ஆகாயத்தில் போய் அரிச்சுவடி படிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு நாள் வாகைக்குளத்துக்குப் போய்விட்டு வாருங்கள். தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் திறந்த புது முனையத்தையும் பார்த்த மாதிரி இருக்கும். விமானம் இறங்குவதை, ஏறுவதை வெளியே நின்று பாருங்கள். பயம் வரும், வரட்டும். அது தணிகிற வரைக்கும் அங்கேயே இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது திரும்பிவிட்டால், ஓடி வந்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு தப்பாகப் படித்துக்கொள்ளும். மனநல மருத்துவர்கள் செய்வதும் இப்படிப் படிப்படியாகப் பழக்குவதுதான். தனியாக முடியவில்லை என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரு மாதம் கையில் இருக்கும்போதே போங்கள்.

கே: எந்த சீட் நல்லது?
*(வள்ளியூர்)*

ப: இறக்கைக்கு நேராக. அங்கேதான் ஆட்டம் குறைவு, வால் பக்கம் அதிகம். வெளியே பார்த்தால் தெளிகிறவர் ஜன்னலைக் கேளுங்கள். எழுந்து நாலு எட்டு நடந்தால் தெளிகிறவர் நடைபாதை ஓரம் கேளுங்கள்.

கே: காத்தாடி உச்சியில தொங்கிக்கிட்டு வேலை பாக்கேன். ஒரு நாளும் பயந்தது கிடையாது. கம்பெனியில ஒரு தடவ சென்னைக்கு பிளேன்ல அனுப்புனாங்க, செத்துப் பொழச்சேன். இது என்ன நியாயம் அண்ணாச்சி?
*(காற்றாலைத் தொழிலாளி, பணகுடி)*

ப: உச்சியில் கொக்கி உங்கள் கையில் இருக்கிறது தம்பி. பிரேக் போட்டது நீங்கள். காற்றைப் பார்த்து இன்றைக்கு ஏறலாமா என்று முடிவு செய்தது நீங்கள். விமானத்தில் எல்லாமே முன்பக்கக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இருவரிடம். உயரம் உங்களுக்குப் பழகியதுதான். பிடி கையில் இல்லாததுதான் பழகவில்லை.

கையில் இல்லாத பிடியை அறிவால் கொஞ்சம் மீட்கலாம். உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். காத்தாடி பிளேடும் விமான இறக்கையும் ஒரே குடும்பம். வளைந்த பரப்பின் மீது காற்று ஓடும்போது ஒரு பக்கம் அழுத்தம் குறைகிறது. முப்பந்தல் காத்தாடியை அந்த விசை சுழற்றுகிறது, விமானத்தை அதே விசை தூக்குகிறது. ஆடிக் காற்றில் பிளேடு வளைவதைப் பார்த்து, முறியப்போகிறது என்று நீங்கள் ஓடுவதில்லையே. விமான இறக்கையும் வளைவதற்கென்றே செய்யப்பட்டது. பறக்கும்போது வரக்கூடிய மிக அதிகமான சுமையைக் கணக்கிட்டு, அதைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். 2010-ல் போயிங் 787-ஐ அப்படிச் சோதித்தபோது இறக்கை நுனி சுமார் 25 அடி மேலே வளைந்தது. முறியவில்லை.

எஞ்சின் நின்றால்? ஓடுபாதையை விட்டு எழும் நேரத்தில் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்து ஏறி, சுற்றி வந்து இறங்கலாம். இரண்டும் நின்ற கதையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் 330, எரிபொருள் கசிந்து தீர்ந்து, நடு அட்லாண்டிக்கில் இரண்டு எஞ்சினும் ஓய்ந்துபோனது. எஞ்சினே இல்லாமல் 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள். எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழாது. இறக்கை இறக்கையாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊருக்கு மேலே மகேந்திரகிரியைப் பாருங்கள். ககன்யானில் மனிதரை அனுப்புவதற்காக, 2021 ஜூலையில் அங்கேதான் விகாஸ் ராக்கெட் எஞ்சினை இஸ்ரோ தரையிலேயே கட்டி வைத்து 240 வினாடிகள் எரித்துப் பார்த்தது. மனிதர் ஏறும் எதையும் முதலில் கீழே வைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே விடுவார்கள். விமானமும் அப்படியே.

கே: திருச்சியில ஒரு பிளேன் ரெண்டு மணி நேரம் வட்டம் அடிச்சுச்சே. டிவியில பாத்ததுலருந்து மனசு திக்குதிக்குங்கு.
*(திசையன்விளை)*

ப: பார்த்தது சரி, முடிவையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 613, சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737. ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு என்று தெரிந்ததும் திரும்ப முடிவெடுத்தார்கள். நிறைந்த டேங்கோடு உடனே இறங்கினால் எடை அதிகம். இந்த வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த வட்டம். 140-க்கும் மேற்பட்டவர்கள் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினார்கள். கீழே இருந்த நமக்கு அது தவிப்பு. மேலே இருந்த விமானிகளுக்கு அது பயிற்சியில் படித்த பாடம், வரிசை மாறாமல் செய்து முடித்தார்கள்.

கே: அகமதாபாத்தப் பாத்த பிறகும் பயப்படாதேன்னு எழுதுவீயளா?
*(கூடங்குளம்)*

ப: மாட்டேன். 2025 ஜூன் 12 அன்று அங்கே விழுந்த விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 உயிர். மங்களூரு 2010-ல், கோழிக்கோடு 2020-ல், இரண்டுமே துபாயிலிருந்து வந்த விமானங்கள். பெட்டி நிறைய வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தவர்கள், நம் ஆட்களைப் போன்றவர்கள். அந்தத் துக்கத்தின் முன்னால் எண்ணிக்கையை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கையையும் சொல்லியாக வேண்டும். உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் கணக்குப்படி 2024-ல் சுமார் 4 கோடி விமானப் பயணங்கள், அவற்றில் உயிர் போன விபத்துகள் 7. இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் இறந்தவர்கள் 1,68,491 பேர். காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியாக விமான நிலையம் போகும் காரில் நீங்கள் தூங்கிக்கொண்டு போவீர்கள். உண்மையில் விழித்திருக்க வேண்டிய இடம் அது. டிரைவருக்குத் தூக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். விபத்துக் காட்சிகளைப் போனில் திரும்பத் திரும்பப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு முறை நடந்ததை நூறு முறை நடந்ததாக மனது பதிந்துகொள்கிறது.

கே: ஒரு கட்டிங் போட்டுட்டு ஏறுனா? இல்ல, தூக்க மாத்திரை?
*(பெயர் வேண்டாம் என்கிறார், ராதாபுரம்)*

ப: இரண்டையும் சேர்த்து மட்டும் கனவிலும் வேண்டாம், மூச்சையே அமுக்கிவிடும். சரக்கு ஏறும்போது தைரியம் தருவது போலிருக்கும், இறங்கும்போது படபடப்பை அதிகமாக்கிவிட்டுப் போகும். மாத்திரை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். அப்போதும் ஒரு எச்சரிக்கை. அல்பிரசோலம், டயசிபம் போன்றவை அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். மருந்துச் சீட்டும் அந்த நாட்டின் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால், விமானத்தில் இல்லாத ஆபத்து தரையில் வந்து நிற்கும். அப்படியே வீட்டில் கட்டித் தரும் பையையும் பார்த்துவிடுங்கள். குருமாவுக்கென்று அம்மா வைக்கும் கசகசாவுக்கும் அங்கே தடை.

கே: ஏறுன கொஞ்ச நேரத்துல டொம்முன்னு சத்தம். அப்புறம் எஞ்சின் சத்தம் குறைஞ்சு கீழ போற மாதிரி இருக்கு. காதும் அடைக்கு.
*(சமூகரெங்கபுரம்)*

ப: டொம், சக்கரம் உள்ளே மடங்கிக் கதவு மூடியது. எஞ்சின் சத்தம் குறைவது, தரையை விட்டு எழும்ப வேண்டியிருந்த முழு விசை இனித் தேவையில்லை என்று விமானி குறைத்தது. விமானம் அப்போதும் மேலேதான் ஏறுகிறது. ஏறும் வேகம் தணிவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இறக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. இறங்கும் நேரத்தில் இறக்கையில் மோட்டார் முனகும், சக்கரம் வெளியே வரும்போது பெரிதாக இரையும். காதடைப்புக்கு விழுங்கினால் போதும். சில்லுக்கருப்பட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை என்றால் அந்த நேரத்தில் பால் கொடுங்கள்.

கே: கடல்ல எவ்வளவு அலை வந்தாலும் அசர மாட்டேன். மேல குலுக்குனா மட்டும் உசுரு போவுது.
*(மீனவர், இடிந்தகரை)*

ப: கடலில் அலை கண்ணுக்குத் தெரிகிறது, படகைத் திருப்பிக்கொள்கிறீர்கள். மேலே காற்றின் அலை தெரியாது. மழை மேகம் விமானியின் ராடாரில் தெரியும், சுற்றிப் போவார்கள். தெளிந்த வானத்தில் வரும் குலுக்கல் அதிலும் தெரியாது. அதனால் ஒரே சட்டம், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடுமையாகக் குலுங்கி ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். விமானம் மட்டும் பத்திரமாகத் தரையிறங்கியது. காலை விமானமாகப் பார்த்து எடுத்தால், வெயில் ஏறி மேகம் திரள்வதற்கு முன்னால் கிளம்பிவிடலாம்.

கே: நித்யகல்யாணி அம்மனுக்கு நேர்ந்துகிட்டா போதாதா?
*(ராதாபுரம்)*

ப: நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்துகொள்கிற ஆள்தான். வரகுணபாண்டீஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு, அதோடு மூச்சுப் பயிற்சி, பெல்ட். நீங்கள் ஏறப்போகும் திருவனந்தபுரம் ஓடுபாதையில் சாமியே எழுந்தருளுவது தெரியுமா? பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆறாட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி அந்த ஓடுபாதைதான். அந்தச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போது அந்த இரண்டு நாளையும் பார்த்து எடுங்கள்.

கே: எனக்குப் பயம் இல்ல. அம்மாவுக்குத்தான் பயம். நாங்க ரெண்டு பேரும்தான் அப்பாகிட்ட மஸ்கட் போறோம். நான் என்ன செய்யணும்?
*(பத்தாம் வகுப்பு மாணவி, பரமேஸ்வரபுரம்)*

ப: "பயப்படாதே"ன்னு மட்டும் சொல்லாதே பாப்பா. சொன்னால், பயப்படுவது தப்பு என்று அம்மா வாயை மூடிக்கொள்வார். "பயமா இருக்காம்மா? இருக்கட்டும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல். ஒவ்வொரு சத்தம் வரும்போதும் அது என்ன என்று நீ சொல்லு, மேலே எழுதியிருக்கிறேன். மூச்சை நீளமாக விட நீ எண்ணிக்கை சொல்லு. பணிப்பெண் வரும்போது, அம்மாவுக்கு விமானம் என்றால் பயம் என்று நீயே சொல்லிவிடு. அவர்கள் நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது ஜன்னல் சீட்டை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவிடமே கேள். வேண்டாம் என்றால் நீ உட்கார்ந்துகொள்.