பாப்பாரப்பட்டிக்கு எப்ப வருது டார்க் சன்?

ஏம்பா பேராண்டி, அடுத்து எந்த உலகம் வருதுன்னு முடிவாயிடுச்சா, இல்லை இன்னும் பேச்சுவார்த்தையிலதான் இருக்கா? நீங்க நாலு பேரும் திண்ணையில உக்காந்து பேசறதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு. 'டார்க் சன்' வருதாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு கதை கட்டி ஆடற விளையாட்டுக்கு 1991-ல போட்ட பழைய உலகம். வெறும் பாலைவனம். தண்ணிக்குத் தவிப்பு, இரும்பு கண்ணுல படாது, மந்திரம் போட்டா சுத்தி இருக்கிற பச்சையெல்லாம் கருகிடும், ஊருக்கு ஊரு ஒரு கொடுங்கோல் ராஜா, மந்திரவாதியும் அவனே. நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணிக்கு அலையற உலகத்தைப் பாக்க டாலர்ல புத்தகம் வாங்கணுமா சாமி? ஒகேனக்கல் குழாய் வர்றதுக்கு முன்னாடி சித்திரை மாசம் எப்படி இருந்துச்சுன்னு உங்க பாட்டியைக் கேளு, காசில்லாமச் சொல்லுவா.

நீங்க துப்புத் துலக்கற அழகு இருக்கே, அதைச் சொல்லணும். 2025 ஆகஸ்ட்ல அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரன் 'ஆடிப் பாத்துச் சொல்லுங்க'ன்னு கொஞ்சம் விதிகளை வெளியே விட்டான். அதுல கிளாடியேட்டர் இருந்தான், மந்திரவாதி ராஜாவுக்குக் கைகட்டி நிக்கற வார்லாக் இருந்தான், பச்சையைக் காப்பாத்தற ட்ரூயிட் இருந்தான். டார்க் சன்னு ஒரு எழுத்து இல்லை. உங்களுக்கு அது போதுமே! கல்யாண வீட்டு வாசல்ல வாழைமரம் நட்டதைப் பாத்துட்டு, பந்தியில பாயசம் சேமியாவா ஜவ்வரிசியான்னு சட்டையைப் பிடிச்சுக்கிட்டீங்க.

இதுல ஒண்ணு கவனிச்சியா? புது உலகம் புது உலகம்னு நீங்க குதிக்கறது ஒண்ணாவது புதுசா? டிராகன்லான்ஸ் 1984. அப்ப உங்கப்பன் அரை டவுசர்ல கோலி ஆடிட்டு இருந்தான். ஸ்பெல்ஜாமர் 1989, பிளேன்ஸ்கேப் 1994. அந்த ஸ்பெல்ஜாமருக்கு ஏங்கி ஏங்கி, 2022-ல திரும்ப வந்ததும் என்னாச்சு? பெட்டியைத் திறந்தா மூணு புத்தகம், ஒவ்வொண்ணும் 64 பக்கம். 'இவ்வளவுதானா'ன்னு உலகம் பூரா மூக்கால அழுதாங்க. அதுக்கு மறுவாரமே அடுத்த உலகத்தை யூகிக்க உக்காந்துட்டாங்க. யூகத்துல இருக்கிற ருசி புத்தகத்துல இல்லைடா, அது எனக்கும் தெரியும். தேர்தல் சமயத்துல டீக்கடை பெஞ்சுல நான் பாக்காத யூகமா?

காத்திருக்கறதைப் பத்தி எங்கிட்டப் பேசாதே. நம்ம ஊரையே எடுத்துக்க. சுப்பிரமணிய சிவா இங்க வந்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்டியே தீருவேன்னு நின்னார். 1923-ல சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் வச்சார். 1925-ல சிவா இங்கேயே கண்ணை மூடிட்டார். கட்டடம்னு ஒண்ணு எழும்பி நிக்கறதுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஊர்க்காரன் எவனாவது 'எப்ப வருமோ'ன்னு கேழ்வரகு விதைக்காம உக்காந்திருந்தானா?

சரி, கூத்துக்கு வா. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரியில கூத்து. கடைசியில படுகளத்துல மண்ணுல செஞ்ச துரியோதனன் நீட்டிப் படுத்துக் கிடப்பான், தொடையில அடி விழும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சும் கர்ண மோட்சத்துக்குப் பாயோட வந்து விடியற வரைக்கும் உக்காந்து அழுதுட்டுப் போறாங்களே, ஏன்? 'இந்த வருஷம் துரியோதனன் பிழைச்சுக்குவானோ'ன்னு யாரும் யூகிக்கறதில்லை. எந்த ஜமா வருது, கர்ணன் வேஷம் யாரு, கட்டியங்காரன் நம்ம ஊர்ல யார் காலை வாரப்போறான்னுதான் பேச்சு. உலகம் பழசு, ஆட்டம் அன்னிக்குப் புதுசு. உங்க ஆட்டத்துல டி.எம்.னு ஒருத்தன் கதை நடத்தறானாமே, அவன் கட்டியங்காரன் வேலை பாத்தா டார்க் சன்னோட ஆதாஸ் உலகமா இருந்தா என்ன, ஆலமரத்தடியா இருந்தா என்ன?

கம்பெனிக்காரனே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான், தெரியுமா? 2002-ல, 'எங்களுக்கு ஒரு உலகம் வேணும், ஒரு பக்கத்துல எழுதி அனுப்புங்க'ன்னான். சுமார் 11,000 பேர் எழுதினாங்க. கீத் பேக்கர்னு ஒருத்தர் எழுதினது ஜெயிச்சு, 2004-ல எபரான்னு புத்தகமா வந்துச்சு. ஒரு பக்கம்டா! நீ டார்க் சன் வரும்னு தட்டின மெசேஜை அச்சடிச்சா ஒரு மூட்டை தேறும். 2022-ல மிமி மோண்டல்னு கல்கத்தாப் பொண்ணு, வங்காள வாசம் அடிக்கிற ஒரு நாட்டையே அவங்க புத்தகத்துக்குள்ள கொண்டுபோய் வச்சிருச்சு. 2023-ல பெரிய சண்டைக்கப்புறம், அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ்ல திறந்து விட்டுட்டாங்க. பேரைக் குறிப்பிட்டுட்டு யாரு வேணா எடுத்து ஆளலாம், விக்கவும் விக்கலாம். இனி எவன் அனுமதிக்கு நிக்கறே?

உலகம் வேணும்னா காலடியில தகடூர் கிடக்கு. அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியைத் தான் தின்னாம ஔவைக்குக் கொடுத்த நாடு. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து கோட்டையை முற்றுகை போட்டான். அதைப் பாடின தகடூர் யாத்திரை முழுசாக் கிடைக்கலை, சிதறின பாட்டுங்கதான் மிச்சம். யூகிக்கறதுதானே உன் தொழில், அந்தத் தொலைஞ்ச பக்கங்கள்ல என்ன இருந்துச்சுன்னு யூகிச்சு ஆடு, பாக்கறேன். தருமபுரி அருங்காட்சியகத்துல நடுகல்லுங்க நிக்குது, போய்ப் பாத்திருக்கியா? மாடு கவர வந்தவன், மீட்கப் போய்ச் செத்தவன், கையில வில்லு. அந்தப்பக்கம் எடுத்தனூர்க் கல்லுல மகேந்திரவர்மன் காலத்துல ஒரு நாய்க்கும் பேர் வெட்டியிருக்காங்க. கோவிவன்னு பேரு, கள்ளனைக் கடிச்ச நாய். டிராகன் தேடறவனுக்கு நாய் கேவலமாப் படலாம். எனக்கு அந்த நாயை ரொம்பப் பிடிக்கும்.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அந்த இருபது பக்கத் தாயக்கட்டையைக் கொண்டா. அது வாங்கின நாள்லயிருந்து டப்பாவுலயே தூங்குதுன்னு உங்க அம்மா சொன்னா. எனக்கும் ஒரு ஆள் எழுதிக்க. தாடி நரைச்சிருக்கேன்னு மந்திரவாதியாக்கி மூலையில உக்கார வச்சிராதே, நான் மாடு ஓட்டிட்டுப் போறவன். காவலுக்கு நீ அந்த நாயை வச்சுக்க, முதல் ஆட்டம் என்னோடது.