கர்னல் பாடமும் கொளஞ்சியப்பர் பிராதும்

1960இல் வந்த ‘ஸ்கூல் ஃபார் ஸ்கவுண்ட்ரல்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தில், பெண்ணை மடக்கும் வித்தையையும் சொல்லித்தர ஒரு பள்ளிக்கூடமே உண்டு. யோவில் என்ற ஊருக்குப் போய் அலாஸ்டர் சிம் வாத்தியாரிடம் சேர வேண்டும். விருத்தாசலத்தில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அன்றைக்கு டீக்கடைக்கு ஒரு வாத்தியார், அதுவும் இலவசமாக.

எங்கள் வாத்தியார் செராமிக் பேட்டையில் மோல்டு வேலை பார்த்த அண்ணன். கொஞ்ச காலம் பம்பாயில் இருந்ததால் இந்தி தெரியும். எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ‘சோட்டி ஸி பாத்’ போட்டார்கள். அதே ஆங்கிலக் கதையைத்தான் பாசு சட்டர்ஜி பம்பாய் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்திருந்தார். 1976 படம். அமோல் பாலேகர் வித்யா சின்ஹாவின் பின்னாலேயே நடப்பார், வாய் வராது. ஸ்கூட்டர் வைத்திருக்கும் அஸ்ரானி குறுக்கே வருவார். கண்டாலாவில் கர்னல் அசோக் குமார் பயிற்சி கொடுப்பார். வசனத்துக்கு வசனம் தமிழ் சொன்ன அண்ணன், பயிற்சி முடிந்ததும் “இனிமே ஒண்ணுமில்லடா” என்று எழுந்து போய்விட்டார். ஆங்கிலப் படத்தின் முடிவில் நாயகன் வித்தையை வீசிவிட்டு மனசில் உள்ளதைச் சொல்வான், வாத்தியார் நொந்துபோவார். எங்கள் வாத்தியாருக்கு அந்த நிலை வரவில்லை.

அண்ணனின் முதல் பாடம், பிடித்த பெண்ணுக்கு ஜோடிப் பொம்மை கொடுப்பது. களிமண் கூழைப் பிளாஸ்டர் மோல்டில் ஊற்றுவார். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் ஓடு பிடிக்கும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் மூக்கு மோல்டோடு போய்விடும். பெஞ்சுக்கு அடியில் மூக்கில்லாத ராதைகள் ஒரு கூடை கிடந்தார்கள். தப்பிய ராதை, முதலாளிக்குத் தெரியாமல் ஃபியூஸ் கேரியர்களோடு சூளைக்குள் போவாள்.

அப்படிப் பொம்மை வாங்கிய ஒரு பெண் அதை நவராத்திரிக் கொலுவில் வைத்தாள். கொடுத்த பையனை, அவன் அம்மாவோடு, சுண்டலுக்குக் கூப்பிட்டாள். இதற்கு என்ன செய்வது என்று அண்ணனின் பாடத்தில் இல்லை.

இப்போது அக்கா மகன் மொபைலில், காசு கட்டி, கோர்ஸ் படிக்கிறான். கோட்டுப் போட்ட வாத்தியார். “மெசேஜ் வந்தா உடனே ரிப்ளை பண்ணக் கூடாது மாமா, வேல்யூ போயிடும்.” எங்களுக்கு அந்தப் பிரச்சினை இருந்ததில்லை, வந்தால்தானே. இவன் மூன்று மணி நேரம் கழித்துப் பதில் போட, அவள் நான்கு மணி நேரம் கழித்துப் போடுகிறாள். ‘சாப்டியா’வுக்கு ‘ம்’ வருவதற்குள் அடுத்த வேளைக்குப் பசித்துவிடுகிறது. பிறகுதான் தெரிந்தது, அவளும் அதே கோட்டிடம்தான் படிக்கிறாள். பெண்களுக்குத் தனி பேட்ச்.

கடைசியில் இருவரும் கோர்ஸை விட்டுவிட்டு, பெண்ணாடம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள். அக்காவும் சம்மதித்துவிட்டாள். ஒரே ஒரு சிக்கல். விஷயம் காதில் விழுந்த அன்றே அக்கா மணவாளநல்லூர் போய், ‘என் பிள்ளையை ஒருத்தி மயக்கிவிட்டாள், மீட்டுக் கொடு’ என்று எழுதி, கொளஞ்சியப்பர் கோயில் முனியப்பர் சன்னிதியில் பிராது கட்டிவிட்டு வந்திருந்தாள். காசு கட்டி மயக்கப் படித்தவன் மனுவில் பாதிக்கப்பட்டவன்! அங்கே பிராது கட்டினால், முறைப்படி வாபஸும் வாங்க வேண்டும்.

“மாமா, வாபஸ் வாங்கப் போறப்ப அவளையும் கூட்டிக்கிட்டுப் போவணுமா?” என்று கேட்கிறான்.