பூனையும் வேணும், பாறையும் வேணும்

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் முன்னால் நின்றபோதுதான் நம்மவருக்குத் தன் லென்ஸின் வறுமை முதன்முதலில் உறைத்தது. அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வராத பாறை. யானைகள், தேவர்கள், நடுவே நாகர்கள் என்று ஊரே அதில் கூடியிருக்கிறது. யானைக்குப் பக்கத்தில் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற ஒரு பூனையும் உண்டு. சுற்றிலும் அதை நம்பி வந்த எலிகள். முழுப் பாறையும் படத்தில் அடங்க 18 எம்.எம். வேண்டும். பூனையின் பக்தி முகத்தில் தெரிய 200-க்கு மேல் வேண்டும். நம்மவர் கழுத்தில் தொங்கியதோ கேமராவோடு சேர்ந்து வந்த 18-55. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த மனைவி கேட்டார்: "இது என்னங்க, அணிலா?"

நம்மவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர். ஒரு மனைவி, ஒரு மகள், வருடத்துக்கு இரண்டு பயணம், இரண்டு முழங்காலிலும் லேசான வலி. இதை எழுதுகிறவரும் அவரும் ஒரே ரேஷன் கார்டில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

அணில் அவமானத்துக்கு அவர் செய்துகொண்ட முதல் வைத்தியம் எல்லோரும் செய்வதுதான்: இன்னொரு லென்ஸ். 55-200 வந்தது. மகளின் பள்ளி ஆண்டு விழா இருட்டைச் சமாளிக்க 50 எம்.எம். எஃப் 1.8 வந்தது. மூன்றையும் வைக்க ஒரு பை வந்தது. பையை வைக்க ஆட்டோவில் தனி இடம் கேட்டது. குடும்பத்தில் நான்காவதாக ஓர் ஆள் சேர்ந்த மாதிரிதான். அதற்குச் சாப்பாடு மட்டும்தான் போடவில்லை.

லென்ஸ் மாற்றுவது யூடியூபில் மூன்று விநாடி வேலை. கடற்கரைக் கோயில் பக்கம் காற்று மணலை வாரி வீசும்போது அது அறுவை சிகிச்சை. மனைவி முந்தானையை விரித்து மறைப்புக் கட்டினார். மகள் ஒரு கையில் முன்மூடி, மறு கையில் பின்மூடி என்று நர்ஸ் போல நின்றாள். நம்மவர் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒன்றைக் கழற்றி மற்றதைத் திருகி நிமிர்ந்தபோது, அவர் படமெடுக்க நினைத்திருந்த மீனவர் படகைக் கரையேற்றி, வலையை உதறிப் போட்டுவிட்டு, வீட்டுக்கே போயிருந்தார்.

அவ்வளவு பாதுகாப்பையும் மீறி ஒரு துகள் உள்ளே போய் சென்சாரில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவருடைய படங்களில் ஒரு பருந்து பறக்க ஆரம்பித்தது. மாமல்லபுரத்து வானத்தில் இடது ஓரம் ஒரு பருந்து; ஏற்காட்டில் அதே இடத்தில் அதே பருந்து; வரவேற்பறைச் சுவரில்கூட ஒரு முறை பறந்தது. பார்த்த உறவினர் ஒருவர், "எப்படித்தான் சரியா அது வர்ற நேரத்துல எடுக்கிறீங்களோ!" என்று வியந்தார். நம்மவர் மறுக்கவில்லை.

அப்போதுதான் ஒரே லென்ஸ், கழற்றவே வேண்டாத லென்ஸ் என்ற ஆசை பிறந்தது. கணக்குப் பிள்ளை என்பதால் முதலில் பழைய படங்களைத் தணிக்கை செய்தார். ஒவ்வொரு டிஜிட்டல் படமும் தான் எத்தனை எம்.எம்.மில் எடுக்கப்பட்டது என்பதைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும். லென்ஸ் வாங்குவதற்கு முன் இதைவிட உருப்படியான, காசு செலவில்லாத ஆராய்ச்சி வேறு கிடையாது, யாரும் செய்வதில்லை. முடிவு அவரையே திகைக்க வைத்தது. ஏறக்குறைய எல்லாப் படங்களும் 18-இல், இல்லாவிட்டால் 200-இல். நடுவில் இருந்த அத்தனை எண்களும் வீண். ஜூம் வளையத்தை அவர் மின்விசிறி ரெகுலேட்டர் போலப் பயன்படுத்தியிருக்கிறார்: ஒன்று முழு வேகம், அல்லது நிறுத்தம். 200-இல் எடுத்தவற்றில் பெரும் பகுதி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும் ஒரு காகம்.

இந்த ஆசை அவருக்கு மட்டும் வந்ததல்ல. 1992-இல் ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் கைக்கு அடக்கமான 28-200 லென்ஸைக் கொண்டுவந்து, பயணிகளின் தோளிலிருந்து பையை இறக்கியது. ஆனால் இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால்தான் அதில் ஃபோகஸ் ஆகும். எதிரே உட்கார்ந்து இலையில் சாப்பிடுகிறவரைப் படமெடுக்க அடுத்த பந்திக்குப் போக வேண்டும். 2005-இல் நிக்கான் கை நடுக்கத்தை அடக்கும் வசதியோடு 18-200-ஐ வெளியிட்டது. பிறகு தங்கம் விலை போல எண் ஏறிக்கொண்டே போனது: 250, 270, 300. 2017-இல் டாம்ரான் 18-400 என்றது. 2024-இல் நிக்கான் முழுச் சட்டக் கேமராக்களுக்கு 28-400 என்றது. இடையில் 2004-இல் கேனான் ஒரு 28-300 செய்தது. தரத்தில் குறை சொல்ல முடியாது, எடை மட்டும் 1,670 கிராம். கழுத்தில் மாட்டினால் எதிரே வருகிறவர்களுக்கு நாம் மரியாதையாகத் தலை குனிந்து வருவது போலத் தெரியும்.

மைத்துனனிடம் யோசனை கேட்டதுதான் நம்மவர் செய்த தவறு. அவன் ஜூம் லென்ஸைப் பாவமாகக் கருதும் கட்சி.

"அத்தான், நல்ல போட்டோகிராஃபருக்கு எதுக்கு ஜூம்? ஒரு அம்பது எம்.எம். போதும். கிட்ட வேணும்னா காலால நடந்து போங்க."

கொடைக்கானலில் பசுமைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றபோது நம்மவர் இந்த அறிவுரையை நினைத்துப் பார்த்தார். எதிரே இருக்கும் மலையைக் காலால் நடந்து ஜூம் செய்தால் படம் அருமையாக வரலாம். எடுத்தவர் வரமாட்டார்.

ஆனாலும் அவன் சொன்னதில் பாதி உண்மை. ஒற்றைத் தூர லென்ஸுக்கு ஒரே வேலை. எல்லாம் தெரிந்த ஜூமோ கூட்டுக் குடும்பம். டாம்ரானின் 18-300-க்குள் 19 கண்ணாடிகள், 15 தொகுதிகளாக இருக்கின்றன. வளையத்தைத் திருப்பும்போது ஆளுக்கொரு பக்கம் நகர வேண்டும். நகர்ந்த பிறகும் ஒளியை ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு மூலையில் சமாதானம் செய்தால் இன்னொரு மூலையில் மனத்தாங்கல். அதனால் 18-இல் கோபுரம் லேசாகத் தொப்பை போடும், நீளமான பக்கம் போனால் அதே கோபுரத்துக்கு இடுப்பு சிறுக்கும். இப்போதெல்லாம் இதைக் கேமராவின் மென்பொருளே நிமிர்த்தி விடுகிறது. 2019-இல் வந்த கேனான் 24-240-இல், 24-இல் எடுத்த மூலப் படத்தைத் திருத்தாமல் திறந்தால் மூலைகள் கறுத்தே கிடக்கும். இழுத்துப் பிடித்துச் சரிசெய்த படம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் பவுடர் பூசாத முகத்தைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அது போலத்தான்.

நம்மவர் கேட்டார். மூன்று வாரம் இரவு இரண்டு மணி வரை யார் யாரோ செங்கல் சுவரை எடுத்த சோதனைப் படங்களை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மேல் வலது மூலையில் உள்ள செங்கல் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "வீடு கட்டப் போறோமா?" என்றார். அவருடைய சொந்தப் படங்களில் மேல் வலது மூலையில் இதுவரை இருந்தவை வேப்பிலை, மின்கம்பி, பெரியப்பாவின் பாதித் தலை ஆகியவை மட்டுமே.

மூலைச் செங்கலைவிட முக்கியமான ஒன்றை அவர் தற்செயலாகத்தான் கண்டுகொண்டார். எல்லோரும் பெரிய எண்ணையே பார்க்கிறார்கள், 300-ஆ 400-ஆ என்று. உண்மையில் சண்டை போட வேண்டியது சின்ன எண்ணுக்கு. 300 போதாவிட்டால் படத்தை வெட்டிப் பெரிதாக்கி ஓரளவு ஒப்பேற்றலாம். அகலம் போதாவிட்டால் வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவர எந்த வெட்டும் உதவாது. முழுச் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 18 எம்.எம். ஏறக்குறைய 76 பாகை பார்க்கும், 16 எம்.எம். 83 பாகை. இரண்டு எம்.எம். என்ன பெரிசு என்று நினைக்கலாம். சஷ்டியப்தபூர்த்தி குரூப் போட்டோவில் அது இரண்டு சித்திகள். 2025-இல் சிக்மா 16-300 கொண்டுவந்ததை நம்மவர் பாராட்டுவது இதற்காகத்தான், அந்த 300-க்காக இல்லை.

ஆனால் அது வருவதற்கு முன்பே அவர் ஒரு 18-300 வாங்கிவிட்டிருந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இனிமேல் குறை சொல்லப் போகிறோம்.

முதல் பயணம் தஞ்சாவூர். பெரிய கோயில் பிராகாரத்தில் நின்று 216 அடி விமானத்தை 18-இல் முழுசாக எடுத்தார். நின்ற இடத்திலிருந்து நகராமலே வளையத்தைத் திருப்பி, விமானத்தின் வடபக்கத்தில் தொப்பி போட்டிருக்கும் மேனாட்டு முகச் சிற்பத்தை 300-இல் எடுத்தார். தொப்பியின் விளிம்பு தெரிந்தது. முந்தானைத் திரை இல்லை, மூடி பிடிக்கும் நர்ஸ் இல்லை. இருபது வருடக் கடனை அடைத்தவர் முகத்தில் வருகிற சாந்தம் அன்று அவர் முகத்தில் இருந்தது.

சாந்தம் மண்டப வாசல் வரைக்கும்தான். 300-இல் நம்மவர் லென்ஸின் துளை எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. பையோடு வீட்டில் விட்டுவந்த எஃப் 1.8-ஓடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு. தூணருகே விளக்கேற்றிக்கொண்டிருந்த மகளின் முகத்தைத் தூரத்திலிருந்து எடுக்கப் பார்த்தார். கேமரா ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்திறனை ஏற்றிக்கொண்டே போய், கன்னத்தில் ரவை தூவியது போல ஒரு படம் கொடுத்தது. நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது நம்மவர் கையை மட்டும்தான் கட்டுப்படுத்தும். மகளைக் கட்டுப்படுத்த வீட்டில் எவராலும் முடிந்ததில்லை.

இன்னொரு ரகசியமும் அங்கேதான் தெரிந்தது. லென்ஸில் எழுதியிருக்கும் 300 தூரத்துப் பொருளுக்கான கணக்கு. பக்கத்தில் உள்ள பூவுக்கு வந்தால் இந்த வகை லென்ஸ்கள் பல நைசாகச் சுருங்கிக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கியவர்களுக்கு இது புரியும்: பத்திரத்தில் உள்ள சதுர அடி வேறு, பாய் விரிக்கக் கிடைக்கும் சதுர அடி வேறு.

பிறகு தொங்கல் நோய். குனிந்து நடந்தால் லென்ஸ் தன் கனத்தில் தானாகவே நீண்டு இறங்கும். நிக்கான்கூடத் தன் 18-200-க்கு 2009-இல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தபோதுதான் அதற்கு ஒரு பூட்டு வைத்தது. நம்மவர் லென்ஸிலும் பூட்டு இருந்தது, அதைப் போட வேண்டும் என்ற ஞாபகம்தான் இல்லை. கோயில் வாசல் கூட்டத்தில் அது சத்தமில்லாமல் நீண்டு, முன்னால் போன பெரியவரின் இடுப்பில் முட்டியது. அவர் திரும்பி, "வழி விடணும்னா வாயால சொல்லுங்க தம்பி" என்றார்.

ஊர் திரும்பியதும் நம்மவர் ஒரு சமரசத்துக்கு வந்தார். 55-200-ஐ விற்றுவிட்டு, இருநூறு கிராம்கூட இல்லாத அந்த 50-ஐ மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. பகலெல்லாம் எல்லாம் தெரிந்தவன், விளக்கு வைத்த பிறகு இவன். (வீட்டுக்குள் எடுக்க 35 எம்.எம். இன்னும் தோதாக இருக்கும் என்பது இதை எழுதுகிறவரின் கட்சி. ரேஷன் கார்டின் மற்றவர் பட்ஜெட் ஒதுக்கவில்லை.)

தை மாதத்தில் வேடந்தாங்கல். ஏரிக் கரையில் நின்றபோது 300-இன் வீரம் அடங்கிவிட்டது. மரங்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. லென்ஸ் வழியாகப் பார்த்தால் பூக்களுக்கு அலகு இருந்தது. நத்தைகுத்தி நாரையா, கூழைக்கடாவா, வக்காவா என்பதைத் தெரிந்துகொள்ள மகள் அறிவிப்புப் பலகையைத்தான் படிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒருவர் முக்காலியில் பீரங்கி போல 150-600 ஒன்றை நிறுத்தியிருந்தார். அவர் திரையில் கூழைக்கடாவின் ஒவ்வொரு இறகும் வாரிவிட்டது போலத் தெரிந்தது. நம்மவர் தன் லென்ஸை மெதுவாகத் துண்டால் மூடினார்.

பீரங்கிக்காரர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். பின்னால் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், முறைத்தபடி ஒரு மாமியார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா? காலையிலேர்ந்து கேக்கறாங்க. என் லென்ஸுல இவங்க அடங்கணும்னா நான் அறுபது அடி பின்னால போகணும். போனேன். நடுவுல ஆறு குடும்பம் நடக்குது."

நம்மவர் துண்டை எடுத்தார். வளையத்தை ஒரு திருப்பு, பூட்டை ஒரு தட்டு. ஐந்து பேரும், ஏரியும், மரங்களும், மாமியாரின் முறைப்பும் ஒரே சட்டத்தில் அடங்கின. போன் நம்பர்கள் கைமாறின. இங்கிருந்து குடும்பப் படம் போனது, அங்கிருந்து கூழைக்கடா வந்தது.

அன்றிரவே நம்மவரின் வாட்ஸ்அப் முகப்பில் கூழைக்கடா ஏறிவிட்டது. மைத்துனன் உடனே கூப்பிட்டான். "அத்தான், செம்ம! அந்த ஆல்-இன்-ஒன்னுலயா எடுத்தீங்க?"

"எடுக்கும்போது பக்கத்துல நின்னேன்" என்றார் நம்மவர்.