குதிரைகள் விடுப்பில் சென்ற பின்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரியும் மிச்சிகன் ஏரியும் கைகோக்கும் நீரிணையருகே, சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் மேக்கினா தீவு, 1898ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிகளைத் தடைசெய்து, அந்தத் தடையை இன்றுவரை விடாமல் காத்துவரும் பிடிவாதக்கார ஊராகும். இயந்திரச் சத்தம் கேட்டுக் குதிரைகள் மிரண்டதே தடைக்குக் காரணம். தீவைச் சுற்றிவரும் எட்டு மைல் சாலை முறைப்படி மாநில நெடுஞ்சாலையாக இருந்தும், அதில் கார் ஓட்ட முடியாது; ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற சில வண்டிகளே விலக்குப் பெற்றவை.

இந்தச் சட்டத்தின் வேடிக்கை குளிர்காலத்தில்தான் வெளிப்படுகிறது. கோடையில் சுற்றுலாப் பயணிகளை இழுத்துத் திரிந்த நூற்றுக்கணக்கான குதிரைகள், இலையுதிர் காலம் முடியும்போது படகேறிப் பெருநிலத்துப் பண்ணைகளுக்கு ஓய்வெடுக்கச் சென்றுவிடுகின்றன. சரக்கு வண்டி இழுக்கச் சில குதிரைகளும், சுமார் 500 மனிதர்களும் மட்டுமே தீவில் தங்குகின்றனர். மிரளுவதற்கு ஆள் குறைந்ததும், பனிமேல் சறுக்கி ஓடும் மோட்டார் வண்டியாகிய ஸ்னோமொபைலுக்குச் சட்டம் வழிவிடுகிறது. ஆறு மாதம் மௌனம் காத்த தெருக்களில், பால் வாங்கப் போகிறவரும் உறுமிக்கொண்டே போகிறார். குளிருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போகும் உரிமை குதிரைக்கு வாய்த்து, அதை ஓட்டியவருக்கு வாய்க்காமற்போனது ஆராயத்தக்க சமூக ஏற்றத்தாழ்வு.

தீவின் பெரும்பகுதி மாநிலப் பூங்காவாதலால், காட்டுப் பாதைகளில் பனிச்சறுக்குவோருக்குக் குறையில்லை. மலைச்சரிவில் பாய்வது அன்று இது; நீண்ட மெல்லிய சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி, இரு கோல்களை ஊன்றி, சமதளத்தில் தானே உந்தி நகர்வது; ஆகவே, விழுவோர் மிக மெதுவாகவும், பார்ப்பவர் நிதானமாக ரசிக்கும்படியாகவும் விழுகின்றனர். மரங்களோ நின்ற இடத்திலேயே நின்று, வேகமாக வருவோருக்கெனக் கிளையில் ஒரு கூடைப் பனியைச் சேர்த்து வைத்திருக்கின்றன. கிழக்குக் கரையில், நீர்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் வளைவான ஆர்ச் ராக், கோடைக் கூட்டம் தொலைந்த நிம்மதியில் பனிமுக்காடிட்டு நிற்கிறது. கரையோரத்தில் காற்று தள்ளிய பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, சில வேளைகளில் நீலமாகவே ஒளிர்கின்றன. காற்றுக்குமிழி குறைந்த அடர்பனி, ஒளியின் சிவப்புக் கூறை விழுங்கிவிட்டு நீலத்தைக் கடக்கவிடுவதே இதன் காரணம்.

இவற்றையெல்லாம் விஞ்சுவது பனிப்பாலம். கடுங்குளிரான ஆண்டுகளில் ஏரி உறைந்து, தீவுக்கும் எதிர்க்கரையிலுள்ள செயின்ட் இக்னஸ் நகருக்கும் இடையே நடந்தே செல்லக்கூடிய வழி உண்டாகிறது. முதலில் துணிந்த சிலர், தேங்காயைத் தட்டிப்பார்த்து வாங்குவோரைப் போல, கனத்த இரும்புக்கோலால் பனியைக் குத்திக் குத்தி அதன் தடிமனை அறிந்துகொண்டே போகின்றனர். பின்னர், பண்டிகை முடிந்து வீட்டு வாசலில் எறியப்பட்ட கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கிவந்து, பாதை நெடுகப் பனியில் நட்டுவைக்கின்றனர். மைல்கல்லும் தெருவிளக்கும் அவையே. வெண்மை வெண்மையோடு கலந்து திசை தெரியாமல் போகும்போது, மினுமினுக்கும் ஜரிகைத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு காய்ந்த மரம் ஆறுதலாகத் தெரிகிறது. அண்மைக்காலமாகக் குளிர் குறைந்த ஆண்டுகளில் இந்தப் பாலம் உருவாவதேயில்லை என்பது மட்டும் நகைக்கத்தக்கதன்று.

தீவின் புகழ்பெற்ற கிராண்ட் ஹோட்டல் குளிர்காலத்தில் மூடியிருக்கும். நீர் உறைந்தால் படகு நிற்கும். காற்று சரியில்லாவிட்டால் சிறுவிமானமும் பறக்காது. எனவே குளிர்கால மேக்கினாவைக் காண விரும்புவோர், போகும் வழியைவிடத் திரும்பும் வழியை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.