அருவி மேல் அண்ணாச்சி வீடு

பெயர் எட்கர் காஃப்மன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஊசி முதல் சோபா வரை விற்கும் பலமாடிக் கடையின் முதலாளி. நம் வசதிக்கு அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே, காட்டுக்குள், பேர் ரன் என்ற ஓடையை ஒட்டி அவருக்கு நிலம் இருந்தது. ஓடை ஓரிடத்தில் அருவியாய் விழும். எதிரே ஒரு வீடு, சன்னலைத் திறந்தால் அருவி, கையில் காபி. அண்ணாச்சி கேட்டது இவ்வளவுதான்.

வீடு கட்டுகிற எல்லோரையும் போல அவரும் தெரிந்த இடமாகப் பார்த்து ஆள் பிடித்தார். அவர் மகன் அப்போது கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் சீடனாக இருந்தான். ரைட்டுக்கு வயது 67. கையில் வேலை குறைவு, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. பெயரே ரைட் என்னும்போது அவரிடம் போய்த் தப்பு என்று யார் சொல்வது?

1934 டிசம்பரில் வந்து இடத்தைப் பார்த்தார் ரைட். அடுத்த மார்ச்சில், பாறை மரம் எல்லாம் குறித்த சர்வே வரைபடம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் மாதக்கணக்கில் சத்தமே இல்லை. 1935 செப்டம்பர் 22 அன்று, பக்கத்து ஊர் வரை வந்துவிட்டேன், பிளானைப் பார்க்கலாமா என்று அண்ணாச்சி போன் செய்தார். தாராளமா வாங்க, எல்லாம் தயார் என்றார் ரைட். அதுவரை ஒரு கோடுகூடப் போடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் நம் தையல்காரர், காஜா எடுக்கறதுதான் பாக்கி என்பாரே, அதே குரல்! கார் வந்து சேர்வதற்குள் சுமார் இரண்டு மணி நேரத்தில், சீடர்கள் வாய்பிளந்து நிற்க, மூன்று தளத்தையும் வரைந்து முடித்தார்.

அண்ணாச்சி பார்த்தார். வீடு அருவிக்கு எதிரே இல்லை, அருவியின் தலையிலேயே உட்கார்ந்திருந்தது. இனி அருவியைப் பார்க்க வேண்டுமானால் வீட்டை விட்டு வெளியே வந்து ஓடையோரம் இறங்கி நிற்க வேண்டும். வீட்டுக்குள் சத்தம் மட்டும் இலவசம். மயங்கிப்போய்ச் சரி என்றார். எந்தச் சன்னல் எதைப் பார்க்கிறது என்று முதல் நாளே கேட்காதவருக்கு இது நடக்கும்.

ஆனால் ஆயிரம் இருந்தாலும் வியாபாரி. தூணில்லாமல் ஓடைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடங்களைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. பிளானை வெளி எஞ்சினியர்களிடம் காட்டினார். இது தாங்காது என்ற பாணியில் அறிக்கை வந்தது. ரைட் கொதித்தார். வீட்டைக் கட்டிக்கொள்ளும் தகுதியே அண்ணாச்சிக்கு இல்லை என்றார். கடைசியில் அந்த அறிக்கையைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று கதை. கொத்தனாருக்குக் கல் ஒன்று மிச்சம்.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. அவர் தரப்பு எஞ்சினியர்கள் கான்கிரீட்டில் கம்பியை இரண்டு மடங்காக்கினார்கள். ரைட்டுக்குத் தெரிந்தபோது நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். அப்படியும் சென்ட்ரிங் பிரித்ததும் முதல் தளம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியது.

மேற்கு மாடத்துக்கு அடியிலும் அண்ணாச்சி ரகசியமாக ஒரு முட்டுச் சுவர் எழுப்ப வைத்தார். ரைட் கண்டுபிடித்தார். கத்தவில்லை. ஆள் வைத்து, சுவரின் மேல்வரிசைக் கல்லை மட்டும் உருவச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி தயங்கித் தயங்கி விஷயத்தை ஒப்புக்கொண்டார். ரைட் அவரை மாடத்துக்கு அடியில் அழைத்துப்போய் இடைவெளியைக் காட்டினார். இத்தனை நாளும் சுவர் எதையும் தாங்கவில்லை, மாடம் தானாகவே நின்றிருக்கிறது. இந்த இரண்டு பேரில் யார் யாருக்குப் பணம் கொடுத்தது என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

நடுவில் கான்கிரீட் முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார் ரைட். அதற்கு மட்டும் அண்ணாச்சியின் கல்லாப்பெட்டி விழித்துக்கொண்டது. பெயிண்டோடு முடிந்தது. இத்தனைக்கும் முதலில் பேசியது 35,000 டாலர். விருந்தினர் வீட்டையும் சேர்த்துக் கணக்கு முடிந்தபோது 1,55,000. உங்கள் கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டை மீறினால் அவரை உலகத் தரம் என்று பாராட்டுங்கள்.

1938 ஜனவரியில் ‘டைம்’ பத்திரிகை ரைட்டை அட்டையில் போட்டது, பின்னணியில் இந்த வீட்டின் படம். ஊரே கொண்டாடியது. அண்ணாச்சி மட்டும் அதற்கு ‘ஏழு வாளி வீடு’ என்று செல்லப்பெயர் வைத்தார். மழை வந்தால் ஒழுகும் இடங்களுக்கு அத்தனை வாளி வேண்டுமாம். கீழே அருவி விழுவதுபோல மேலேயும் விழட்டும் என்று ரைட் நினைத்திருக்கலாம்!

1963-ல் மகன் வீட்டை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். மாடமோ வருஷத்துக்கு வருஷம் தாழ்ந்து, 1990-களில் அளந்தபோது சுமார் ஏழு அங்குலம் இறங்கியிருந்தது. அண்ணாச்சி திருட்டுத்தனமாகப் போட்ட கூடுதல் கம்பிகூடப் போதவில்லை. அதுவும் இல்லாதிருந்தால் மாடம் என்றோ ஓடையில் கிடந்திருக்கும். 2002-ல் தரைக் கற்களைப் பெயர்த்து, உள்ளே எஃகு வடங்களைக் கோத்து இறுக்கிக் கட்டினார்கள். பழைய மட்டத்துக்குத் தூக்கவில்லை, இனி இறங்காமல் நிறுத்தினார்கள். சாய்வு அப்படியே இருக்கிறது. கதை நிஜமானால், அந்த எஞ்சினியர்களின் அறிக்கையும் சுவருக்குள் அப்படியேதான் இருக்கிறது.