வரைபட மென்பொருள் பதிப்பேற்றமும் ஊர்ப் பெயர்வும்: ஓர் ஆய்வு

ஓர் ஊர் இருந்த இடத்தை விட்டுப் பெயர்வதற்கு வெள்ளம், கடல்கோள், பஞ்சம், அணைக்கட்டு என நான்கு காரணங்களையே அறிஞர் இதுவரை காட்டி வந்துள்ளனர். ஐந்தாவது ஒன்றும் உண்டு. கணினித் திரையின் ஓரத்தில் ‘புதிய பதிப்பு தயார்’ என்று எட்டிப் பார்க்கும் சிறு பெட்டியே அது என்பது இவ்வாய்வின் கருதுகோள். மேசைக் கணினியில் ஓடும் வரைபட மென்பொருள்கள், சிறப்பாகக் கியூஜிஐஎஸ், இதன் எல்லை.

இத்துறையில் இரு மரபினர் உளர். பதிப்பு ஏற்றாதோர் மரபே தொன்மையானது. 2016 அக்டோபரில் வந்த கியூஜிஐஎஸ் 2.18-இல் குடியேறி அங்கேயே வேர்விட்டவர்கள் இவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2018 பிப்ரவரியில் 3.0 வந்தபோது பைத்தான் 2 போய் பைத்தான் 3 வந்தது. கியூடி 4 போய் கியூடி 5 வந்தது. அதுவரை ஒழுங்காக ஊழியம் செய்த பிளக்-இன்கள் பல திறக்க மறுத்தன. ‘பிரின்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இடாத ஒரே குற்றத்துக்காக மாண்ட ஸ்கிரிப்டுகளும் உண்டு. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்ட பிளக்-இன் என்றால் காரியம் செய்யக்கூட ஆள் இல்லை. ஆகவே இம்மரபினர் அலுவலக மூலையில் பழைய கணினி ஒன்றை, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பேணுகிறார்கள். அதன்மேல் ‘யாரும் அப்டேட் செய்யக் கூடாது’ என்று தாள் ஒட்டியிருக்கும். இத்துறையின் முதற் கல்வெட்டாக இதைக் கொள்க. எஸ்ரி நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆர்க்மேப்புக்கு 2026 மார்ச் 1 என ஓய்வுநாளே குறிக்கப்பட்டது. அதன் பிறகும் அதனிடம் வேலை வாங்குவோரைப் பணிநீட்டிப்புப் பிரிவினர் எனலாம்.

பதிப்பு ஏற்றியோரிடமும் பழமை எச்சம் உண்டு. 3.0 முதலே ஜியோபேக்கேஜ் என்னும் புதிய கோப்பு வடிவத்தை மென்பொருள் முன்னால் நீட்டியும், இவர்கள் கை ஷேப் ஃபைல் என்னும் பழைய வடிவத்துக்கே போகிறது. ஷேப் ஃபைலில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்டுதான் இடம். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் விழுங்கும். எனவே ‘மாவட்டம்’ என்பது ‘மாவ’ ஆகும், ‘கிராமம்’ ‘கிர’, ‘வருவாய்’ ‘வரு’. அழிந்துபோன கிளைமொழி ஒன்றின் வேர்ச்சொற்கள் இவை என்று பிற்காலத்தார் நூல் எழுதிவிடக் கூடும் என்பதால் இங்கே பதிவு செய்கிறோம்.

இனி ஊர்ப் பெயர்வு. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நூறடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அந்த அளவைப் பணியின் வழிவந்தது எவரெஸ்ட் 1830 என்னும் நீள்கோளக் கணக்கு. அதன்படி வரைந்த பழைய படத்தை இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 கணக்கின் மீது அப்படியே வைத்தால், ஊர் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். முன்பெல்லாம் மென்பொருள் இதைத் தனக்குள்ளேயே ஓசைப்படாமல் சரிக்கட்டிவிடும். 2019-இல் வந்த புரோஜ் 6 என்னும் ஆயமாற்று நூலகத்தை உள்ளே ஏற்ற பதிப்புகளோ எந்த மாற்றுமுறை வேண்டும் என்று பட்டியலை நீட்டிக் கேட்கின்றன. பயனர் முதல் வரியைத் தொட்டு ‘சரி’ அழுத்துகிறார். கோயில் குளத்துக்குள் நிற்பதும் கரையில் நிற்பதும் அந்த விரலின் செயல்.

இது சிறு பெயர்வு. பெரும் பெயர்வு அதே 2019-இல் ஜிடால் 3.0 என்னும் நிரல் நூலகத்தால் நிகழ்ந்தது. டபிள்யூஜிஎஸ் 84-க்கான இபிஎஸ்ஜி 4326 என்ற பதிவின்படி அட்சரேகை முதலில் வர வேண்டும். நிரலர்களோ தீர்க்கரேகையை முன்னால் எழுதிப் பழகியவர்கள். ஜிடால் அதுவரை கண்டும் காணாமல் இருந்தது, 3.0-இல் திடீரென்று சட்டப்படி நடந்துகொண்டது. திருத்தாத பழைய ஸ்கிரிப்டை அதில் ஓட்டினால் வடக்கும் கிழக்கும் இடம் மாறும். மதுரை கிரீன்லாந்துக் கடலில் மிதக்கும். சென்னை ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் போய் நிற்கும். அங்கும் கடலோர நகரம் என்ற பெயர் முற்றாகப் பொய்க்கவில்லை என்பது கருதத்தக்கது.

இவற்றுள் தலையாயது கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம். அதன் இரு எண்களும் இடம் மாறினால் அவ்வூர் ஸ்வால்பார்டின் நி-ஓலசுண்ட் அருகே போய் இறங்குகிறது. அங்கேதான் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. நிலையத்துக்கு இடம் தேர்ந்தபோது எண்கள் எவர் கையிலாவது பிறழ்ந்தனவா என்னும் ஐயத்தை, ஜிடால் 3.0 வந்ததே பதினோர் ஆண்டு கழித்து என்பதால், வருத்தத்துடன் கைவிடுகிறோம். எனினும் சங்கராபுரத்தார்க்கு அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை சூரியன் உதிக்காது என்பது பெறப்படும். எதிர்த்திசைப் பெயர்வும் உடன் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அவ்வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்குள் பனியாறு ஏதேனும் தென்பட்டதா என நேரில் விசாரிக்கும் பணி, கோடை விடுமுறை உள்ள அடுத்த ஆய்வாளருக்கு விடப்படுகிறது.